பாட்டி கியர்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். 43/70 என்ற பலகைக்குப் பக்கத்தில் நான் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சும் ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. வலது முட்டிதான் கைவிட்டுவிட்டது. பின்னால் வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், லேசான தொப்பையும் உண்டு. தையல் மெஷின் மாதிரி காலைச் சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டினார். "என்ன கியர் தம்பி?" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முட்டிய பாத்துக்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வளைவில் மறைந்துபோனார்.

என் கியர், முன்னால் 39 பல், பின்னால் 25. போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, வில்லியனூர் டீக்கடையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடம் கேட்டேன், பின்னால் 34 பல் போடலாமா என்று. "முப்பத்திநாலா? அது பாட்டி கியர்டா. கால்ல பலம் இல்லாதவன் போடுறது" என்றார் ஒரு சீனியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மேல்தான் இந்தக் கட்டுரைக்குக் கோபம். என் சிரிப்பையும் சேர்த்துத்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆளும் சைக்கிளுமாக 75 கிலோ, 10 சதவீத ஏற்றம், தொடர்ந்து 200 வாட் மிதிக்கிற கால். வாரக்கடைசியில் மட்டும் ஓட்டுகிற ஒருவருக்கு இது நல்ல சக்தி. மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். கியரை மாற்றினாலும் இந்த வேகம் கூடாது, குறையாது. மாறுவது மிதிதான். 39க்கு 25 போட்டால் நிமிடத்துக்கு 46 சுற்று. 34க்கு 34 போட்டால் 71 சுற்று. அதாவது அதே வேகத்துக்கு, முதல் ஆள் ஒவ்வொரு மிதியிலும் ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேலே. கூடுதல் அழுத்தத்துக்குக் கூடுதல் வேகம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. முட்டி மட்டும் தனியாக வட்டி கட்டும்.

இது தெரியாதவர்களா நாங்கள்? தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியாது. வில்லியனூரிலும் பாகூரிலும் ஏற்றம் என்றால் சங்கராபரணி ஆற்றுப் பாலம்தான். பாகூர் ஏரிக்கரையில் எதிர்க்காற்று வந்தால் அதைத்தான் மலை என்போம். சமவெளியில் 25 பல் போதும், பல் வித்தியாசம் குறைவாக இருப்பதால் மிதி சீராகவும் இருக்கும். ஆகவே சமவெளியில் சரியாக வந்ததை மலைக்கும் கொண்டுபோகிறோம். தேர்வை வீட்டில் எழுதிப்பார்த்துவிட்டு வேறு பாடத்துக்குப் போய் உட்கார்வது மாதிரி.

இந்த வீராப்பு நம்முடைய கண்டுபிடிப்பும் இல்லை. டூர் டி பிரான்ஸ் 1903இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஸுக்குக் கியர் மாற்றும் டிரெய்லர் என்றாலே ஆகாது. அது வயதானவர்களுக்கானது, தசை பலத்தால் வெல்வதே வெற்றி என்பது அவர் கட்சி. அதனால் அந்த வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பல்லில் ஏறினார்கள். மேலே போய் மறுபடியும் திருப்பினார்கள். டிரெய்லருக்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான். அப்போது வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த கொம்யூன்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போய்விட்டார்கள். அவர்களே தூக்கிப்போட்ட இந்த எண்ணத்தை நாம் டீக்கடையில் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். இன்று தொழில்முறை வீரர்கள் ஓட்டும் ஷிமானோ துரா-ஏஸ் வரிசையிலேயே 11-34 கேசட் இருக்கிறது. 200 வாட்டைத் தூக்கத்தில்கூட மிதிக்கிற கால்களுக்கு 34 பல் வேண்டியிருக்கிறது, ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிற நமக்கு அவமானமாக இருக்கிறது!

கொல்லிமலை யாருடைய மலை? வல்வில் ஓரியின் மலை. அவன் பெயருக்குள்ளேயே கருவி இருக்கிறது. கையால் எறிந்திருந்தால்தான் வீரம் என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. வில்லியனூர்த் தேர் நகராதபோது சக்கரத்துக்கு நெம்புகோல் போடுகிறவரைப் பார்த்து "பலம் இல்லாதவன்" என்று நம்மில் யாராவது சொல்வோமா? கியரும் நெம்புகோல்தான்.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 34 பல் கேசட் கொஞ்சம் எடை கூடும். பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம், கூட்டத்தோடு சமவெளியில் பறக்கும்போது மிதி தாளம் தவறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கிற போட்டிக்கு நானே சின்னக் கேசட்தான் போடுவேன். ஆனால் சின்னப் பல் 11 இரண்டிலும் உண்டு. வேகமான கியரை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவில்லை. "பெரிய பல் போட்டா சோம்பேறி ஆயிடுவ" என்பது மட்டும் வாதமே இல்லை. அது ராகிங்.

ராகிங் என்று ஏன் சொல்கிறேன் என்றால், என்னோடு அன்று பாகூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்காக. 48 கிலோ இருப்பாள். எங்கள் கூட்டத்தில் எதிர்க்காற்றில் கடைசிவரை ஒட்டிக்கொண்டு வருகிற ஆள். அவளும் அதே 39, அதே 25. முப்பதாவது வளைவுக்கு முன்பே நின்றுவிட்டாள். அடுத்த மாதம் சைக்கிளை விற்றாள். "எனக்கு மலை ஒத்துவராதுண்ணா" என்றாள். அவளுக்கு மலை ஒத்துவந்திருக்கும். ஒத்துவராதது 25 பல். அதை அவளிடம் சொல்ல வேண்டிய நாளில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். போட்டிச் சாலையின் ஏற்றத்தைப் பாருங்கள், உங்கள் எடையைப் பாருங்கள், உங்கள் வாட்டைப் பாருங்கள். மிக மோசமான வளைவிலும் நிமிடத்துக்கு 65, 70 சுற்று வருகிற கியர் எதுவோ அதுதான் உங்கள் கியர். வாங்கும் முன், பின்னாலிருக்கும் டிரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், கை குட்டையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். செயினும் நீளமாக வேண்டும். டீக்கடையில் கேட்காதீர்கள்.

சீனியர்களுக்கு ஒன்றுதான். ஒரு சின்னப் பெண்ணோ பையனோ வந்து "34 போடலாமாண்ணா?" என்று கேட்டால், தயவுசெய்து சிரிக்காமல் எங்கே ஓட்டப்போகிறாய் என்று கேளுங்கள்.