இரவில் நிற்கத் தெரிந்த வண்டி



டிசம்பர் பிறந்தால் நியூசிலாந்தில் கோடைக்காலம். ஆக்லாந்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அப்படியே ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துத் தெற்குத் தீவைச் சுற்றிவிட்டு வரலாம் என்று திட்டமிடுவார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

வண்டி பார்க்கும்போது எல்லோரும் பகலைத்தான் நினைக்கிறார்கள். ஜன்னல் பெரிதா, மலைப்பாதையில் ஓட்ட எளிதா, வாடகை எவ்வளவு? இரவை நினைத்துப் பாருங்கள் என்பேன். அந்த நாட்டில் நீங்கள் எந்த ஏரிக்கரையில் கண்விழிக்கலாம் என்பதைக் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும்தான் முடிவு செய்கின்றன.

2011இல் ரக்பி உலகக் கோப்பைக்குக் கூட்டம் வரப்போகிறது என்ற நிலையில் அங்கே ஃப்ரீடம் கேம்பிங் சட்டம் வந்தது. பணம் கட்டும் முகாம்களுக்கு வெளியே, பொது நிலத்தில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவதைப் பற்றிய சட்டம் அது. 2023இல் அதை இறுக்கினார்கள். உள்ளூராட்சி நிலத்தில் தங்க வேண்டுமானால், வேறு வகை வண்டிகளுக்கென்று உள்ளூராட்சியே ஒதுக்கிய இடங்களைத் தவிர, தண்ணீரும் கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் தனக்குள்ளேயே இருப்பதற்கான தன்னிறைவுச் சான்று பெற்ற வண்டி தேவை. வாடகை வண்டிகளுக்குப் புதிய விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வண்டிக்குள் தூக்கி வைக்கும் தனிக் கழிப்பறை இனி செல்லாது. அது வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் உள்ளேயே பயன்படுத்த முடிய வேண்டும். சான்றின் பச்சை அட்டை பெறாத வண்டியில் தங்கினால் 400 டாலர் அபராதம். வாடகை நிறுவனம் அதை உங்கள் கார்டிலேயே வசூலித்துக்கொள்ளும். அட்டையில் எத்தனை பேருக்குச் சான்று என்றும் இருக்கும். நான்கு சீட் பெல்ட் இருப்பதால் நான்கு பேர் தங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அட்டை இருந்தால் எங்கும் நிற்கலாம் என்ற எண்ணமும் தவறு. ஓர் ஊர் தன் விதிப்படி ஒரு கரையை மூடிவைத்திருந்தால் பச்சை அட்டைக்கும் அங்கே இடமில்லை. இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள்.

சான்றுக்குக் குறைந்தபட்சக் கணக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் நல்ல தண்ணீர், மூன்று நாளைக்கு. நால்வர் என்றால் 48 லிட்டர். கழிவுநீரைப் பிடித்துவைக்கவும் அதே அளவு தொட்டி. நம் சமையலுக்கு இது போதவே போதாது. அரிசி களைந்து, பருப்பு கழுவி, எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்தால் காலையிலேயே கணக்கு முடிந்துவிடும். 80, 100 லிட்டர் தொட்டியுள்ள வண்டியைக் கேளுங்கள். வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. கழிப்பறைக்கு அடியில் இருக்கும் கேசட் பெட்டி பெரும்பாலும் 18 லிட்டர் அளவுதான் கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நமக்கு அது வெகு சீக்கிரம் நிறைந்துவிடும். உள்ளே குறைவாகத் தண்ணீர் விடுங்கள். வழியில் பொதுக் கழிப்பறை கண்ட இடத்தில் நிறுத்துங்கள்.

மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. 600 வாட் ரைஸ் குக்கர் அரைமணி நேரம் ஓடினால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 27 ஆம்பியர்-மணி போய்விடும். சாதாரண 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், ஒரு வேளைச் சோற்றுக்கே அந்தப் பாதியிலும் பாதிக்கு மேல் காலி. இரவு முழுக்க ஃப்ரிட்ஜ் ஓட வேண்டாமா? கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர் வைப்பதே மேல். ஆனால் குளிருக்காக அந்த அடுப்பை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாத வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய நீரைப் புல்லில் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கரையில் ஊற்றுவது நீர்நிலைக்கும் போய்ச் சேரலாம். வடக்குத் தீவின் வாங்கனூயி நதிக்கு 2017இல் ஒரு மனிதருக்குரிய சட்ட உரிமைகளைக் கொடுத்த நாடு அது. அந்நதியை மாவோரி மக்கள் தங்கள் மூதாதையாகவே கருதுகிறார்கள். நீர்நிலையில் கழிவு கலப்பதை அவர்கள் பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். காவிரியைத் தாயென்று சொல்லும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மற்றதெல்லாம் வண்டிக் கழிவைக் கொட்டுவதற்கான டம்ப் ஸ்டேஷனுக்கு. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று கேம்பர்மேட் செயலி காட்டும்.

தெக்காப்போ, புக்காக்கி ஏரிகள் உள்ள மெக்கன்சி பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம். 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். நட்சத்திரம் பார்க்கவே அங்கே வருகிறார்கள். வண்டியின் வெளிவிளக்கை அணைத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுங்கள். படகு இறக்கும் சரிவில் நிறுத்தாதீர்கள். மீன்பிடிக்க வரும் உள்ளூர்க்காரருக்கு விடியற்காலையில் அந்த வழி வேண்டும்.

மூன்று நாள் என்று சட்டம் சொல்வதையே பயணத்தின் தாளமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவு வெளியில், மூன்றாம் இரவு ஹாலிடே பார்க்கிலோ, இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கட்டண முகாமிலோ. ஹாலிடே பார்க் என்றால் கேசட்டைக் காலி செய்து, தொட்டியை நிரப்பி, பேட்டரியைச் சார்ஜ் போட்டு, வெந்நீரில் நிதானமாகக் குளிக்கலாம். ரைஸ் குக்கரையும் அன்று தாராளமாக வெளியே எடுக்கலாம்.