ஒரு நத்தையா, நான்கு நத்தைகளா?

மின்சாரக் கார் என்றதும், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறோம். அதன் பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஒரேகன் எல்லைக்கு அருகே தாக்கர் பாஸ் என்ற வறண்ட பகுதி இருக்கிறது. அந்நாட்டின் மிகப் பெரிய லித்தியப் படிவுகளில் ஒன்று அங்கேதான் உள்ளது. 2023 மார்ச்சில் சுரங்கப் பணி தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 650 மில்லியன் டாலர் முதலீடு செய்யப்போவதாக அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. 2024இல் அமெரிக்க எரிசக்தித் துறை 2.26 பில்லியன் டாலர் கடனுக்கு ஒப்பந்தம் செய்தது.

இவ்வளவு பெரிய தொகைகளுக்கு நடுவே, கடுகளவே இருக்கும் ஒரு நன்னீர் நத்தையின் பெயரும் அடிபடுகிறது. அறிவியல் பெயர் பிர்குலோப்சிஸ் இம்பீரியாலிஸ். கிங்ஸ் ரிவர் நத்தை என்று அழைக்கலாம். தாக்கர் பாஸைச் சுற்றியுள்ள 13 நீரூற்றுகளில் மட்டுமே அது வாழ்வதாக அறியப்படுகிறது. அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 2022இல் மனு கொடுத்தது. சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்தைக் குறைத்தால் ஊற்றுகள் வற்றும், ஊற்று வற்றினால் நத்தைக்குப் போக்கிடம் இல்லை என்பது அவர்கள் வாதம். நத்தை வாழும் ஊற்றுகளுக்குப் பாதிப்பு வராது என்கிறது நிறுவனம். தாக்கர் பாஸைப் புனித இடமாகக் கருதும் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பு வேறு இருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் இங்கே பார்க்க விரும்புவது வேறொரு கேள்வி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருப்பதும் இதைப் போன்ற சிறு நத்தைதான். இது வேறு, அது வேறு என்று முடிவு செய்வது யார்? எப்படி?

ஓட்டைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல. இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம், நிறம் பெரிதாக இல்லை, அழகான வரிகளும் இல்லை. ஒரே இனத்தில்கூட நீரோட்டத்திற்கும் வயதுக்கும் ஏற்ப ஓட்டின் வடிவம் மாறலாம். அதனால் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் கீழ் உடலை அறுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பேரினத்தில் ஆண் நத்தையின் இனப்பெருக்க உறுப்பில் சுரப்பிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது முக்கிய அடையாளம். ஓட்டின் வாயை மூடும் தகடு, நாக்கில் வரிசையாக உள்ள நுண் பற்கள் போன்றவையும் கணக்கில் வரும். இப்போது மரபணுவும் சேர்ந்துகொண்டது.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ராபர்ட் ஹெர்ஷ்லர் பல ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவர். 1998இல் அவர் வெளியிட்ட ஒரே ஆய்வில் 58 புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார். கிங்ஸ் ரிவர் நத்தையும் அவற்றில் ஒன்று. ஒரே ஆய்வில் இத்தனையா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த நிலப்பகுதியை நினைத்துப் பாருங்கள். பனி யுகத்தில் அங்கே பெரிய ஏரிகள் இருந்தன. அவை வற்றியபின் ஆங்காங்கே ஊற்றுகள் மட்டும் எஞ்சின. இந்த நத்தைகள் செவுளால் சுவாசிப்பவை. பாலைவனத்தில் ஊர்ந்து அடுத்த ஊற்றுக்குப் போக முடியாது. கடலுக்கு நடுவே தீவுகள் போல, மணலுக்கு நடுவே ஊற்றுகள். படிமலர்ச்சிப் பாடத்தில் கலாபகோஸ் குருவிகளைப் படித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

இனி அடுத்த மாநிலத்திற்குப் போவோம். இதே பேரினத்தைச் சேர்ந்த ஐடஹோ ஊற்று நத்தை 1992இல் அழிந்துவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அதன் வாழிடம் ஸ்னேக் ஆறு. அணைகள், பாசனம், மின் உற்பத்தி எல்லாம் அந்த ஆற்றை நம்பி இருப்பவை. 2004இல் இரண்டு மனுக்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தன. நத்தையைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னவர்கள் மாநில அரசின் ஓர் அலுவலகமும் அந்த ஆற்றில் அணைகள் வைத்திருக்கும் மின்சார நிறுவனமும். அதன் நெருங்கிய உறவான இன்னும் மூன்று நத்தைகளையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னவர்கள் சுற்றுச்சூழல் அமைப்பினர்.

அதே ஆண்டு ஹெர்ஷ்லரும் அவருடைய சக ஆய்வாளர் லியூவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், வயோமிங், ஐடஹோ, ஒரேகன், வாஷிங்டன் என நான்கு மாநிலங்களில் வெவ்வேறாகக் கருதப்பட்ட நான்கும் ஒரே இனம்தான் என்பது அவர்கள் முடிவு. பெயரிடும் விதிப்படி முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை. 1908இல் வைத்த ரோபஸ்டா நிலைத்தது. 1933இல் வைத்த ஐடஹோயென்சிஸ் அதற்குள் அடங்கிப்போனது. நான்கு மாநிலங்களில் பரவியுள்ள ஓர் இனம் உடனடி ஆபத்தில் இல்லை என்று சொல்லி, 2007இல் அரசு அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. நத்தையின் எண்ணிக்கை கூடவில்லை. ஆற்று நீர் தூய்மையாகிவிடவும் இல்லை. பெயர் போனது, பாதுகாப்பும் போனது.

மின்சார நிறுவனத்திற்கு வசதியான முடிவு என்பதால் இதில் ஏதோ சூது இருப்பதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஆய்வில் 58 இனங்களைப் பிரித்துக் காட்டியவரே இங்கே நான்கை ஒன்றாக்கினார். ஆதாரம் போன பக்கம் அவர் போனார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குறை சட்டத்தில் இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, முதுகெலும்புள்ள விலங்காக இருந்தால் ஓர் இனத்தின் ஒரு பகுதிக் கூட்டத்தை மட்டும் தனியே பாதுகாக்கலாம். நாட்டின் ஒரு மூலையில் உள்ள ஓநாய்களுக்கு மட்டும் காவல் கிடைக்கும். நத்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. தனி இனமாகவோ துணை இனமாகவோ இருந்தால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் ஸ்னேக் ஆற்றுக் கூட்டம் எவ்வளவு நலிந்திருந்தாலும், மற்ற மூன்று மாநிலங்களின் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இதற்கு இணையான கதை தரைவாழ் நத்தைகளிடம் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் பிளெக்டோஸ்டோமா நத்தைகளும் சில மில்லிமீட்டர் அளவுதான். தீபகற்ப மலேசியா, சுமத்ரா, இந்தோசீனா ஆகிய பகுதிகளில் 31 இனங்கள் இருப்பதாக 2014இல் வெளியான ஆய்வு விவரித்தது. அவற்றில் 10 புதியவை. பகாங்கின் புக்கிட் பஞ்சிங்கில் மட்டும் வாழ்ந்த ஓர் இனம், குன்றைச் சிமெண்டுக்காக வெட்டியெடுத்ததோடு மறைந்துபோனது. ஈப்போவுக்கு அருகிலுள்ள குனோங் கந்தானில் கண்டெடுத்த இன்னொரு சிறு நத்தைக்கு, அங்கே கல் வெட்டிக்கொண்டிருந்த லாஃபார்ஜ் சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள்: சரோபா லாஃபார்ஜி. பாராட்டா, பொறுப்பை நினைவூட்டும் குத்தலா என்பதை நீங்களே யோசியுங்கள்.

மீண்டும் நெவாடா. அந்த 13 ஊற்றுகளில் இருப்பவை உண்மையில் இரண்டு இனங்கள் என்று நாளை தெரியவந்தால், ஒவ்வொன்றும் இன்னும் அரிதாகிவிடும், மனு வலுப்பெறும். தொலைவில் உள்ள வேறொரு நத்தையும் இதுவும் ஒன்றே என்று வந்தால், ஐடஹோவில் நடந்ததே இங்கும் நடக்கலாம். ஆகவே கிங்ஸ் ரிவர் நத்தை பற்றிய செய்தி அடுத்த முறை கண்ணில் பட்டால், யார் வென்றார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை ஊற்றுகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள், உடலமைப்பு, மரபணு இரண்டையும் பார்த்தார்களா, ஆய்வுக்குச் செலவு செய்தது யார் என்று கீழே உள்ள பத்திகளில் தேடுங்கள்.