கல்லூரி மலர்களை எடைக்குப் போடாதீர்கள்

1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ் சில கடிதங்களை அச்சிட்டது. பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று சொல்லி, அடையாற்றில் அவரிடம் இருந்த எம்மா கூலோம் கொடுத்த கடிதங்கள். அம்மையார் நிகழ்த்திய அற்புதங்கள் வெறும் செட்டப் என்பதே அவற்றின் சாரம். கடிதங்கள் போலி என்று அம்மையார் மறுத்தார். ஆனாலும் லண்டனிலிருந்து ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவர் விசாரணைக்கு வந்து இறங்கினார். 1885இல் இந்தியாவை விட்டுக் கிளம்பிய அம்மையார் பிறகு திரும்பவே இல்லை. அந்த இதழுக்கு அப்போது வயது ஒன்று.

எல்லாக் கல்லூரி இதழும் இப்படிப் புயல் கிளப்பியதில்லை. முதல்வரின் ஆண்டறிக்கை, விடுதி நாள் விழா, விளையாட்டுப் பரிசுப் பட்டியல், யாருக்கு எழுதியது என்று வகுப்புக்கே தெரிந்த காதல் கவிதை என்றுதான் பெரும்பாலான ஆண்டு மலர்கள் இருக்கும். ஆனால் ஒரு கல்லூரியில் முதல் மாணவி எந்த ஆண்டு வந்து உட்கார்ந்தார், விடுதியில் சாதிக்கொரு பந்தி எப்போது ஒழிந்தது, மெஸ் கட்டணம் எத்தனை ரூபாய் என்பதையெல்லாம் அந்த ஆண்டறிக்கையில்தான் தேட வேண்டும். குரூப் போட்டோவின் அடியில் இடமிருந்து வலமாகப் பெயர்கள் இருக்கும். பின்னாளில் அமைச்சரானவரும் நீதிபதியானவரும் அங்கே வெறும் இன்ஷியலோடு நின்றுகொண்டிருப்பார்கள். 1965 மொழிப் போராட்டத்தில் வீதிக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அந்த ஆண்டு மலர்கள் அதை எழுதினவா, விழுங்கினவா? எதுவானாலும் வரலாறுதான்.

இந்த மலர்கள் இன்று எங்கே? நூலகத்தின் கடைசி அலமாரியில், பைண்டிங் நூல் அறுந்து, ராமபாணப் பூச்சிக்கு இரையாகி. வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கிலோ கணக்கில் விலை.

பணமில்லை என்று கல்லூரிகள் சொல்வதை ஏற்க முடியாது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் ‘நாக்’ மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்குத் தனித் தலைப்பே உண்டு. அதற்காகச் சங்கம் பதிவாகிறது, நன்கொடை வசூலாகிறது, நுழைவு வளைவு எழுகிறது, வெள்ளிவிழா செட்டுக்கு விருந்து நடக்கிறது. வளைவில் செலவாகும் சிமெண்ட் காசில் ஒரு பங்கு போதும், இருக்கிற மலர்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்துவிடலாம். நூற்றாண்டு விழா வந்தால் மட்டும் அவசரமாக ஒரு மலர் போட்டு, நிறுவனரின் படத்தையும் வாழ்த்துச் செய்திகளையும் நிரப்பி அதையே வரலாறு என்று சொல்வது, படித்தவர்கள் செய்யும் காரியமல்ல.

இது முடியாத வேலையும் அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததில் சுமார் 97,000 நூல்களைப் பறிகொடுத்த சமூகம், 2005 முதல் நூலகம் என்ற மின்னூலகத்தை நடத்திவருகிறது. இலங்கையின் சின்னஞ்சிறு பள்ளிகள் வெளியிட்ட மலர்களைக்கூட அங்கே யாரும் இலவசமாகத் திறந்து படிக்கலாம். தீயில் இழந்தவர்களுக்கு அருமை தெரிந்திருக்கிறது; நாமோ நம் கையாலேயே எடைக்குப் போடுகிறோம்.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடமுள்ள மலர்களின் பட்டியலை வெளியிட வேண்டும். கழிவாக எதையும் அகற்றும் முன், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கு அதன் படி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உயர்கல்வித் துறை ஓர் ஆணை போட்டால் நடக்கும். விடுபட்ட ஆண்டுகள் முன்னாள் மாணவர்களின் வீட்டுப் பரணில் கிடக்கக்கூடும். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, செல்ஃபிக்கு முன்னால், அவற்றைத் தேடி எடுத்துப் போங்கள்.