இருமல் யார் கணக்கில்?



பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களில் சுப்ஹுத் தொழுகைக்கு நின்று பாருங்கள். இமாம் ஓதிக்கொண்டிருப்பார், பின் ஸப்பிலிருந்து இருமல் எழும். ஒருவர் நிறுத்த அடுத்தவர் தொடங்குவார். பெரும்போக வெள்ளாமை வெட்டு நடக்கிறது என்பதற்கு வேறு அறிவித்தல் தேவையில்லை.

"சுணை பட்டால் இருமத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு நாமும் போய்விடுகிறோம். இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, 1700ஆம் ஆண்டு வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலிலேயே தானியம் சலிப்போரும் அளப்போரும் படும் மூச்சுக் கஷ்டத்தைத் தனியாக எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த விடயம் எங்கள் களவெட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஈரத்தோடு குவித்த நெல்லும் வைக்கோலும் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதைக் கிளறும்போது கண்ணுக்குத் தெரியாத தூள் நெஞ்சுக்குள் போகிறது. அந்நேரம் ஒன்றும் தெரியாது. நாலைந்து மணித்தியாலம் கழித்து, வீட்டுக்கு வந்து படுத்த பின்னர், குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு முட்டு. ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். தடிமன் காய்ச்சல் என்று பனடோலைக் குடித்துவிட்டு மீண்டும் அதே குவியலுக்குப் போவார். இப்படிப் பல போகம் சென்றால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும், அது திரும்பாது. 'விவசாயி நுரையீரல்' என்றே வைத்தியர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே வேலைக்குப் போன நாளெல்லாம் இரவில் காய்ச்சல் வருகிறதென்றால், அதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள். நெல்லை நன்றாகக் காயவைத்துக் குவியுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நின்று தூற்றுங்கள். 2020இல் கொரோனாவுக்குப் பயந்து முகக்கவசம் அணியப் பழகிய நமக்கு, தூசு தடுக்கும் என்95 கவசம் புதிய பொருளல்ல.

கிருமிநாசினியின் கதை வேறு. அதை நாங்கள் 'மருந்து' என்கிறோம்; சிலர் 'எண்ணெய்' என்கிறார்கள். நஞ்சைச் சாதுவாக்கிவிட்ட பெயர்கள் இரண்டும்! சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பையன் சாரனை மடித்துக் கட்டி, டாங்கியை முதுகில் ஏற்றி, வெறுங்காலோடு வரம்பில் இறங்குகிறான். முகத்தில் ஒரு துவாய். அந்தத் துவாய் நனைந்தால் நஞ்சை மூக்கருகே பிடித்து வைத்திருக்குமே தவிரத் தடுக்காது. என்95கூட நஞ்சின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தெளிக்கும் வாய் அடைத்துக்கொண்டால் சிலர் உதட்டில் வைத்து ஊதுவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மூச்சு வழியாக மட்டுமல்ல, நனைந்த முதுகுத் தோல் வழியாகவும் நஞ்சு இறங்கும். ஒர்கனோபொஸ்பேட் வகை நஞ்சுகள், நரம்பின் கட்டளையை நிறுத்திவைக்கும் நொதியத்தை முடக்கிவிடுகின்றன. வாயூறும், கண்ணீர் வடியும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு இறுகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும். 'வெயில் பிடித்துவிட்டது' என்று இளநீர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நமது நாட்டில் மிகக் கொடிய வகைகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடை செய்யப்பட்டன. 2008 முதல் பரகுவாட்டும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதனால் கடையில் மீதமிருப்பதெல்லாம் தீங்கற்றது என்று ஆகிவிடாது.

சகோதரிகளே, மருந்தடித்த சாரனைப் பிள்ளையின் சட்டையோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள். வெறும் போத்தலைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைப்பதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். வெள்ளாமை வெட்டு முடிந்ததும் போடிமார் நெல் ஸகாத் கணக்குக் கேட்டு வருவார்கள். பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா, உரம், உழவு, மெஷின் கூலி எல்லாவற்றையும் கழிக்கலாமா என்று ஒரு மூடை பிசகாமல் கேட்பார்கள். நல்ல காரியம். ஆனால், "மருந்தடித்த பையன் ஒரு கிழமையாக முட்டோடு கிடக்கிறான், அவனுக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன்?" என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கூலியை அன்றே கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அவன் விற்றது ஒரு நாள் வேலையை, நுரையீரலை அல்ல. முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் ஆகியவை வயல்காரரின் செலவில் சேர வேண்டியவை. காற்றடிக்கும் நேரத்தில் 'இன்றைக்கே அடித்து முடி' என்று அவனை விரட்டவும் கூடாது.

சென்ற போகத்தில் இதை ஒரு பெரிய போடியாரிடம் சொன்னேன். சற்று நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி மௌலவி, நாலு முகமூடி வாங்கிக் குடுப்பம். அந்தக் காசையும் ஸகாத்தில கழிக்கலாமா?"

"காக்கா, முதலில் வாங்குங்கள்" என்றேன்.

வாங்கினார். நாலல்ல, ஆறு.