பழிக்குச் சிலை, துயருக்குத் தடை

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவம் 2025 ஏப்ரலில் தொடங்கி, மே மாத இறுதியில் ஏழு பகுதிகளோடு நிறைவுற்றது. அது முதல் மயிலாப்பூர் மாடவீதிக் காப்பிக் கடைகளிலும், தியாகராய நகரில் புத்தக வெளியீடு முடிந்து வாசலில் நின்று பேசும் பொழுதுகளிலும், அடையாற்று மொட்டைமாடிகளிலும் இத்தொடர் குறித்து நண்பர்களிடையே நடந்த விவாதங்களை நாங்கள் கவனித்து வந்திருக்கிறோம். கவனித்தவரையில், பேச்சு எவ்வளவு நீண்டாலும் இரண்டே தீர்ப்புகளில் வந்து முடிகிறது. இரண்டுமே பிழையானவை, முதலாவதைக் காட்டிலும் இரண்டாவது ஆபத்தானது. இது எங்கள் துணிபு. (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதனைப் பின்னர் வாசிக்கலாம். கதையை மறைத்துக்கொண்டு இந்த விஷயத்தைப் பேச இயலாது.)

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கம். கார்டிசெப்ஸ் என்னும் பூஞ்சை மனித மூளையைப் பற்றிப் பரவியதில் நாகரிகம் சிதைந்துபோன உலகு. மகளைப் பறிகொடுத்த ஜோயல், அந்நோய் தொற்றாத உடல் வாய்த்த எல்லி என்ற சிறுமியை மருத்துவமனை ஒன்றில் கொண்டுசேர்க்கிறான். அவள் மூளையிலிருந்து மருந்து எடுக்க முயல்வார்கள்; அவளோ பிழைக்கமாட்டாள். இதை அறிந்ததும் அங்கிருந்தோரைக் கொன்று அவளைத் தூக்கிவருகிறான். கொல்லப்பட்டோருள் அறுவை மருத்துவர் ஒருவர். 2023இல் வெளிவந்த முதற்பருவம் இவ்வளவில் முடிந்தது. அம்மருத்துவரின் மகள் ஆபி, ஐந்தாண்டுகள் கழித்து ஜோயலைக் கண்டுபிடித்து, எல்லியின் கண்ணெதிரே அடித்துக் கொல்கிறாள். இரண்டாம் பருவத்தின் இரண்டாம் பகுதியிலேயே இது நடந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது, பழிவாங்க எல்லி சியாட்டில் நகருக்குச் செல்லும் பயணம்.

முதல் தீர்ப்பு இது: 'நாம் நேசித்த ஒருவனை இப்படிக் கொன்றது துரோகம்; கொன்றவளின் துயரத்தை நாம் ஏன் பார்க்க வேண்டும்?' இதற்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. மருத்துவமனையில் ஜோயல் சுட்டு வீழ்த்தியவர்களின் முகங்களுள் ஒன்றையேனும் நாம் நினைவில் வைத்திருந்தோமா? அவர்களுக்கும் மகள்கள் இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் அப்போது நமக்கு எழவில்லை. ஏனெனில் அவர்கள் நம் கதையைச் சேர்ந்தவர்கள் அல்லர். இத்தொடருக்கு மூலமான 2020ஆம் ஆண்டுக் கணினி விளையாட்டு, பாதி வழியில் ஆடுபவரை ஆபியின் உடலுக்குள்ளேயே தள்ளிவிட்டது. அன்று எழுந்த சினமும் இன்று எழும் சினமும் ஒன்றே. பார்க்க விரும்பாத முகத்தைப் பார்க்க நேர்ந்தவரின் சினம் அது. அதனை நேர்மையான சினம் என்றாவது ஒப்புக்கொள்ளலாம்.

இரண்டாம் தீர்ப்பு படித்தவர்களிடமிருந்து வருகிறது. 'பகைவனுக்கும் ஒரு துயரம் உண்டு என்று காட்டும் பக்குவம் மேற்கில்தான் உள்ளது. கண்ணகி முதல் இன்றைய திரைப்படம் வரை நம்முடையது பழியின் மரபு. ஊரை எரித்தவளைத் தெய்வமாக்கியவர்கள் நாம்.' இவ்வாறு சொல்கிற நண்பர்கள் சிலப்பதிகாரத்தை எங்கே படித்தார்கள்? மெரினாவில்தான் படித்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஐயம்.

1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை, கையில் சிலம்பை உயர்த்தி நீதி கேட்டு நிற்கிறது. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டபோது பெரும் அரசியல் விவாதம் எழுந்தது. 2006 ஜூனில் மீண்டும் அங்கேயே நிறுவப்பட்டது. 1964இல் வெளிவந்த 'பூம்புகார்' திரைப்படத்தின் அரசவைக் காட்சியையும் இச்சிலையையும் சேர்த்தால், சராசரித் தமிழரின் சிலப்பதிகாரம் நிறைவுற்றுவிடுகிறது. மூன்று காண்டங்கள் கொண்ட ஒரு காப்பியத்திலிருந்து ஒரே ஒரு கணத்தைப் பெயர்த்தெடுத்து வெண்கலத்தில் வார்த்துவிட்டோம். இப்போது அந்த வெண்கலத்தைக் காட்டி, நம் மரபுக்கு இதற்குமேல் தெரியாது என்கிறோம்.

உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிய நூலில் இருப்பது வேறு. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போதே அந்நகரின் தெய்வமான மதுராபதி கண்ணகியின் பின்புறமாக வந்து ஒரு கதை சொல்கிறாள். கலிங்க நாட்டில் சிங்கபுரம், கபிலபுரம் என்னும் இரு நகரத்தரசர்களிடையே பகை. சங்கமன் என்ற வணிகன் அணிகலன் விற்க மனைவி நீலியுடன் சிங்கபுரம் வந்தான். அரசன் பணியிலிருந்த பரதன் என்பவன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று சொல்லிக் கொலைசெய்வித்தான். நீலி பதினான்கு நாள்கள் தெருவெல்லாம் அழுது திரிந்து, மலையேறி, எமக்கு இத்துன்பம் செய்தோர் இதனையே அடைக என்று சபித்து உயிர்விட்டாள். அந்தப் பரதனே இப்பிறவியில் கோவலன்.

ஊழ்வினை என்ற சொல்லைக் கேட்டதும் இதனை ஒதுக்கிவிடுவது நம் பகுத்தறிவுப் பழக்கம். ஆனால் கதையமைப்பாக மட்டும் இதனைப் பாருங்கள். நாம் யாருக்காக இவ்வளவு நேரம் அழுதோமோ அவன், வேறொரு பெண்ணின் கதையில் கொலைகாரன். நகை விற்க வந்த வணிகன், பொய்க்குற்றச்சாட்டு, அவசரத் தீர்ப்பு, கதறும் மனைவி, பதினான்கு நாள்கள் - கண்ணகிக்கு நிகழ்ந்த ஒவ்வொன்றும் முன்னமே நீலிக்கு நிகழ்ந்தது. ஜோயலின் மரணத்துக்குப் பின்னே ஆபியின் தந்தையை நிறுத்தி நம்மைத் திகைக்கவைக்கும் உத்தி இதுவேதான். இதனை மேற்கிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்கள், பெசன்ட் நகரில் சாமிநாதையர் பெயரால் இயங்கும் நூலகம்வரை ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.

காப்பியம் அதோடும் நிற்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகித் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்றும் தான் அவனுடைய மகள் என்றும் சொல்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் அவள் இன்னும் ஒரு படி மேலே செல்கிறாள்: சினத்தால் மதுரையை எரித்த வினையின் பயன் பின்னர்த் தன்னை வந்து சேரும் என்று, தன் கோயிலுக்கு வந்த மணிமேகலையிடம் அவளே உரைக்கிறாள். பழியின் பெயரால் நிகழும் கொடுமையையும் இளங்கோ மறைக்கவில்லை. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஈடாக, வெற்றிவேற் செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நூல் சொல்கிறது. அந்த ஆயிரவருள் எவனும் சிலம்பைக் கண்டவன் அல்லன். இதனையும் சேர்த்துச் சொல்லும் நூலைப் பழியின் துதிநூல் என்று கூறுவது வாசிப்பின் சோம்பல்.

இனி இந்த விவாதங்களில் அறவே பேசப்படாத ஒன்றைப் பேசுவோம். அது துயரம்.

கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு அவன் தந்தை மாசாத்துவான் செல்வத்தைத் துறந்து பௌத்தத் துறவியானார், தாய் இறந்தாள். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் துறவு பூண்டார். அவள் தாயும் இறந்தாள். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று இடைக்குலத்து மாதரி நள்ளிரவில் தீப்புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். மாதவி கூந்தல் களைந்து துறவு மேற்கொண்டாள். ஒரு கொலைக்கு எழுவரின் துயரம் இந்நூலில் தனித்தனியே பதிவாகியிருக்கிறது. எழுவருள் ஒருவரும் எவரையும் தேடிச் செல்லவில்லை. அதனால் அவர்களின் துயரம் இலேசானதாகவும் இல்லை. இவ்வெழுவரில் எவருக்காவது நம் கடற்கரையில் ஒரு கல் உண்டா?

கண்ணகியையே எடுத்துக்கொள்வோம். மன்னன் இறந்தான், நகரம் எரிந்தது, பழி முற்றுப்பெற்றது. அதன் பின்னர் அவள் கொற்றவை கோயில் வாயிலில் வளையல்களை உடைத்துவிட்டு, இரவென்றும் பகலென்றும் மேடென்றும் பள்ளமென்றும் அறியாமல் வையைக் கரைவழியே மேற்கு நோக்கி நடக்கிறாள். எரித்ததனால் ஒரு துளித் துயரமும் குறையவில்லை. அழுகைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது; எரியூட்டல் அதனைச் சிறிது தள்ளிப்போட்டது, அவ்வளவே.

தொடரின் உண்மையான வலிமையும் இவ்விடத்தில்தான் உள்ளது என்பது எங்கள் கருத்து. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஜோயலின் தம்பி டாமி, பிணவறையில் அண்ணனின் உடலில் உறைந்த இரத்தத்தைத் தானே கழுவுகிறான். எல்லி, ஜோயல் இல்லாத வீட்டுக்குள் சென்று அவனுடைய மேற்சட்டையை முகர்ந்து அழுகிறாள். அவன் விரும்பிய காப்பிக்கொட்டைகளைச் சமாதியில் வைக்கிறாள். அதன் பிறகு அவள் அழுவதற்கு நேரமில்லை; கொல்ல வேண்டியவர்களின் பட்டியல் இருக்கிறது. நோராவை இரும்புக் குழாயால் அடித்து வதைக்கிறாள். ஓவனைச் சுட்ட குண்டு, கருவுற்றிருந்த மெல்லின் உயிரையும் பறிக்கிறது. தேடிவந்த ஆபியோ அப்போது அங்கில்லை. துயரத்தை ஒத்திவைத்தவரின் கணக்கில் வட்டி இப்படித்தான் ஏறுகிறது. கட்டுபவர்கள் வேறு யாரோ.

'ஆகவே பழி தீது, மன்னிப்பே நன்று' என்று இங்கே முடித்துவிடலாம். பலர் அவ்வாறே முடிக்கின்றனர். இரண்டாம் தீர்ப்பின் ஆபத்து என்று நாங்கள் குறிப்பிட்டது இந்த அவசர முடிவைத்தான். எதையும் இழக்காத ஒருவர், இழந்தவரை நோக்கி 'வன்முறைச் சுழல்' என்று உபதேசிப்பது எளிது. ஆனால் கண்ணகி முதலில் தீயைக் கையிலெடுக்கவில்லை, அரசவைக்குச் சென்றாள். வாயிற்காவலன் உள்ளே அறிவித்தான், மன்னன் கேட்டான், சிலம்பு உடைக்கப்பட்டது, தவறு அவையறிய ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னாளில் பாண்டியனைக் குற்றமற்றவன் என்று அவளால் சொல்ல முடிந்ததற்கு இந்த ஒப்புதலும் ஒரு காரணம் என்று நாங்கள் வாசிக்கிறோம். எல்லியும் ஊர்மன்றத்தில் நின்று கேட்கிறாள். ஊரைக் காக்க ஆள் போதாது என்று மன்றம் மறுத்துவிடுகிறது. ஆபிக்கோ தன் தந்தைக்காக முறையிட ஒரு மன்றமே இருந்ததில்லை. செவிமடுக்க ஆளில்லாத இடத்தில் துயரம் ஆயுதமாகிறது. அதற்கு ஊழிக்குப் பிந்தைய உலகு தேவையில்லை.

இந்நகரமே போதும். இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சாவு நேர்ந்தால் கண்ணாடிப் பெட்டி வருகிறது; ஒப்பாரி எழுந்தால் பக்கத்து வீட்டார் சங்கடப்படுகிறார்கள்; மின்மயானத்தில் குறித்த நேரத்துக்குள் எல்லாம் முடிகிறது; நான்காம் நாள் அலுவலகத்தில் 'தேறிவிட்டீர்களா' என்கிறார்கள். இது தனிமனிதர் துயரத்துக்கு நாம் தரும் இடம்.

கூட்டுத் துயரத்துக்குத் தந்த இடம் இதனினும் சிறியது. 2017 மே மாதம், முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காக மெரினாவில் மெழுகுவத்தி ஏற்றி நினைவுகூர முயன்றவர்கள் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் நால்வர்மீது குண்டர் சட்டம் ஏவப்பட்டது. சில மாதங்களுக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. அவ்வாண்டின் சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் கடற்கரையில் கூட்டம் கூடத் தடை இருந்தது என்பது அரசுத்தரப்புக் காரணம். காரணம் எதுவாயினும், காட்சியைப் பாருங்கள்: ஊரை எரித்தவளுக்குச் சிலை வைத்த அதே கடற்கரையில், இறந்தோருக்காக ஒரு சிறு சுடர் ஏற்றுவது குற்றம். கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் ஓர் இரவில் இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர் எதிர்ப்புக்குப் பின்னரே அவ்வாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது. அழுவதற்கும் இடம் தராதவர்கள்தாம் 'பழையதை மறந்துவிடுங்கள்' என்று முதலில் சொல்ல வருகிறார்கள்.

ஆகவே நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. கண்ணகியைப் பற்றி இனிப் பேசுமுன் வஞ்சிக் காண்டத்தையும் வாசியுங்கள். அரசவைக் காட்சியோடு நூலை மூடிவிடாதீர்கள். எல்லியின் கையிலுள்ள இரும்புக் குழாயைப் பார்த்து முகஞ்சுளிக்குமுன், அவளுடைய மூன்று மாத மௌனத்தில் அவளருகே யார் அமர்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். பழி வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. இழந்தவரோடு அமர்ந்து அழுத பின்னரே அந்த உரிமை வருகிறது.