கருவி மட்டும் கலையாகுமா?

திரைப்பட இயக்கம் கற்று வருவதன்று, பிறவியிலேயே அமைவது என்பர் சிலர். கைத்தொலைபேசியிலேயே படம் பிடிக்கலாகும் இக்காலத்தில் கற்பதற்கு என்ன உண்டு என வினவுவாரும் உளர். இவ்விரு கூற்றும் இளைஞரைச் சோம்பலுக்கே அழைப்பவை. எழுதுகோல் வாங்கியவரெல்லாம் கவிஞராவதில்லை. கருவி வாங்கியவரெல்லாம் இயக்குநராவதும் இல்லை.

பி. ரம்லியின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1929இல் பினாங்கில் பிறந்த அவர், 1948இல் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் சேர்ந்தபோது இயக்குநராகச் சேரவில்லை. பின்னணி பாடினார், சிறு வேடங்கள் ஏற்றார். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், தமிழரான எல். கிருஷ்ணன் முதலியோர் இயக்கிய படங்களில் நடித்துத் தொழிலின் நுட்பங்களை அருகிருந்து அறிந்தார். 'பெனாரிக் பெச்சா'வை அவர் இயக்கியது 1955இல். இடைப்பட்ட ஏழாண்டுகளே அவருடைய கல்லூரி. திரைப்படப் பள்ளியில் பயிலாதவரை எதையும் பயிலாதவர் எனக் கொள்வது எத்துணைப் பிழை!

வங்கத்தின் சத்யஜித் ராய், 1950இல் இலண்டனில் தங்கிய சில திங்களில் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்தார். பின்னர்க் காட்சிகளை முன்கூட்டியே ஓவியங்களாக வரைந்துகொண்டு 'பதேர் பாஞ்சாலி'யை உருவாக்கினார். 1955இல் அப்படம் வெளிவந்தது. பிறவித் திறனுடையோரே இவ்வாறு உழைத்தனர் எனில், ஏனையோர் உழைக்காதிருத்தல் தகுமா?

ஆர்வமுள்ள மாணவன் நல்ல படமொன்றை மும்முறை பார்க்கட்டும். முதன்முறை கதைக்காக, மறுமுறை ஒலியை நிறுத்தி, காட்சி எவ்விடத்தில் மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதற்காக, மூன்றாம் முறை திரையை நோக்காது ஒலிக்காக. பின்னர்ச் சிறுகதையொன்றை எடுத்துக் காட்சிகளாகப் பிரித்துத் தாளில் எழுதட்டும். ஐந்து நிமிடப் படம் எடுத்து, அதனை மூன்று நிமிடமாக வெட்டட்டும். எது தேவையற்றது என்பதை அவ்வெட்டுதல் கற்பிக்கும்.

இவற்றைச் செய்யாதோர் எடுப்பவை பெரும்பாலும் கோடம்பாக்கத்தின் நகல்களே. தோட்டத் துண்டாடலில் வீடிழந்த குடும்பங்களின் கதையும், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையெய்தியோரின் கதையும் சென்னையிலிருந்து எவரும் வந்து படமாக்கப் போவதில்லை. அக்கதைகளைச் சொல்லவல்ல முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர்.

ஆதலின் தமிழாசிரியர், திரைப்பட ஆர்வத்தைப் படிப்பின் பகையெனக் கடிந்து ஒதுக்குதல் கூடாது. அம்மாணவன் கையில் முதலில் நல்ல சிறுகதைத் தொகுதியொன்றைக் கொடுக்கட்டும். கருவியைப் பின்னர் அவனே தேடிக்கொள்வான்.