பழைய காரை வைத்துக்கொள்ளலாமா? செலவு எகிறுவது எங்கே?

சர்வீஸ் சென்டரில் இருந்து வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வருகிறது. காரை விற்றால் கிடைக்கும் பணத்தில் பாதி அதிலேயே போய்விடும். அப்பா வாங்கிய ஆல்ட்டோவையோ மாருதி 800-ஐயோ இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒருமுறையாவது வந்திருக்கும். செலவு செய்வதா, 'போதும்டா சாமி' என்று தள்ளிவிடுவதா?

பலரும் ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ஓர் ஆண்டு ரிப்பேர் செலவை, புதுக் கார் வாங்கினால் ஓர் ஆண்டுக்குக் கட்ட வேண்டிய இஎம்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் பழைய வண்டிதான் ஜெயிக்கும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800-ல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி டெர்மினலில் படியும் வெள்ளைப் பூப்பு, ஸ்பார்க் பிளக் எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலை வேலைதான். மூன்று பிளக்கும் சேர்த்தே சில நூறு ரூபாய்தான் ஆகும். இன்ஜின் ஆயிலையும் மாற்றலாம், ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. பிரேக், ஸ்டீயரிங் வேலைகளை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம்.

பெரிய பில் வருவது அநேகமாகச் சின்ன அலட்சியத்தில் இருந்துதான். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாளடைவில் உள்ளே துரு பிடிக்கும், உப்பு படியும், ரேடியேட்டர் அடைக்கும். மே மாத வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஒரு கேன் கூலன்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. (இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.) டைமிங் பெல்ட்டும் இதே கதைதான். அறுந்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும், பல இன்ஜின்களில் வால்வும் வளைந்துவிடும்.

பார்ட்ஸ் கிடைக்குமா?

லட்சக்கணக்கில் விற்ற மாடல் என்றால் கவலை இல்லை. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கிடைத்துவிடும். குறைவாக விற்ற மாடல், இந்தியாவை விட்டுப் போன கம்பெனியின் கார் என்றால்தான் அலைச்சல். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பது சின்ன ஆறுதல்.

கொஞ்சம் புதிய கார்களில் சிக்கல் வேறு மாதிரி. எலெக்ட்ரானிக் கோளாறு என்றால் கம்பெனி ஸ்கேனர் இல்லாமல் தெரு முனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே இதைக் கண்டித்து, 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது உத்தரவு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-ல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியது, அதில் வாகனங்களும் உண்டு. ஆனால் மெக்கானிக் கைக்கு ஸ்கேனர் வராமல், இணையதளத்தை மட்டும் வைத்து என்ன செய்வது?

அரசின் இன்னொரு கை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 15 ஆண்டு முடிந்த காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கப்பட்டது. புகை அதிகம் விடும் வண்டியைத் தடுப்பது நியாயம்தான். ஆனால் ஒழுங்காகப் பராமரித்த காருக்கும், புகை கக்கும் காருக்கும் வயதை மட்டும் பார்த்து ஒரே கட்டணம் என்பது சரியா?

எப்போது விற்கலாம்? இன்ஜினைவிட முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டி என்றால் மிதியடியைத் தூக்கி, கீழே தகரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் வரை துரு அரித்திருந்தால், அதற்கு மேல் அந்த வண்டிக்குச் செலவு செய்ய வேண்டாம்.